மந்தியின் மஞ்சள் விரல்கள்

ஒரு காட்டில், ஓடைக்கரைப் பாறையின் நிழலில், மந்தி ஒன்று வைத்தியசாலை நடத்தி வந்தது. முள் தைத்தாலும் கொம்பு குத்தினாலும் விலங்குகள் அங்கேதான் ஓடிவரும். மந்தியின் விரல்களுக்கு அவ்வளவு வேகம். ஒருவருக்குக் கட்டுப் போட்டு முடிக்கும் முன்பே அதன் கண் அடுத்தவரின் காயத்தைத் தேடும்.

"நம் வைத்தியரம்மா கைராசிக்காரர்" என்று காடே சொல்லும். அதைக் கேட்க மந்திக்கு மிகவும் பிடிக்கும்.

அந்த மழைக்காலத்தில் ஏதோ கோளாறு நடந்தது. சிறு கீறலோடு வந்தவர்களுக்கும் புண் சீழ் பிடித்தது. கீரியின் வால் வீங்கியது. மயிலால் கால் ஊன்ற முடியவில்லை. வெறும் முள் தைத்து வந்த ஆண் முயலுக்குக் காய்ச்சல் கண்டது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை. முயல் இறந்துபோனது.

விலங்குகள் பயந்துவிட்டன. அப்போது நரி எழுந்து நின்றது. பாறையடியில், புண்ணுக்கு மருந்து கட்ட வந்த காட்டுப்பன்றி ஒன்று படுத்திருந்த ஈரம்படாத இடத்தின்மேல் அதற்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"எல்லாம் இந்தக் காட்டுப்பன்றியால் வந்த வினை! இது அழுகிய புண்ணோடு வந்து படுத்த பிறகுதான் இத்தனையும். விரட்டுங்கள் இதை!"

"நான் யார் பக்கத்திலும் போகவில்லையே," என்று முனகியது பன்றி. "என்னால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் வெளியேற்றினால் பன்றி பிழைக்காது. ஆனாலும் யாரும் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில், காலில் கட்டுப் போட்டிருந்த மான் ஒன்று தன் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டது: "வைத்தியரம்மா, எனக்கு மஞ்சளா வைத்துக் கட்டினீர்கள்?"

"இல்லையே. உனக்கு வேப்பிலைதான். மஞ்சள் பன்றிக்கு மட்டும்தான் வைத்தேன்."

"அப்படியானால் இது என்ன?"

மானின் கட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் விரல் தடங்கள் இருந்தன.

மந்தி தன் கைகளைப் பார்த்தது. பிறகு எழுந்துபோய்க் கீரியின் வாலைப் பார்த்தது. மயிலின் காலைப் பார்த்தது. முயல் படுத்திருந்த வைக்கோலைப் புரட்டிப் பார்த்தது. எங்கும் அதே மஞ்சள். மஞ்சள் போன இடமெல்லாம் பன்றியின் புண்ணில் இருந்த சீழும் போயிருக்கும்.

நரி அதன் காதருகே வந்தது. "பேசாமல் இருங்கள். பன்றி போகட்டும். உங்கள் பேரும் கெடாது, காடும் அடங்கிவிடும்."

மந்தி யோசித்தது. பேர் போனால் நாளை யார் வருவார்கள்? பன்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பன்றியை விடுங்கள்," என்றது மந்தி கடைசியில். "நோயை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனது நான். ஒரு புண்ணைத் தொட்ட கையைக் கழுவாமலே அடுத்த புண்ணைத் தொட்டேன்."

இறந்த முயலின் துணை முன்னால் வந்தது. "பக்கத்திலேயே ஓடை ஓடுகிறது. கை கழுவ எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"



அன்றே மந்தி பழைய வைக்கோலை எல்லாம் எரித்தது. ஒவ்வொருவரையும் தொடும் முன்பும் தொட்ட பின்பும் பூந்திக்காய் நுரையில் நகக்கண் வரை தேய்த்துக் கழுவியது. "ஒரு கட்டுக்கு இவ்வளவு நேரமா?" என்று எருமை சலித்துக்கொண்டது. மந்தி அவசரப்படவில்லை. வீக்கங்கள் மெல்ல வடிந்தன. பன்றியும் எழுந்து நடந்தது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தப் பெண் முயல் நொண்டிக்கொண்டு வந்தது. அதன் காலில் முள். மந்தி முதலில் ஓடைக்குப் போய்த் திரும்பியது.

முயல் அதன் கைகளையே பார்த்தது. விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் முயல் தன் காலை நீட்டியது.

நீதி: நோயாளியைத் தொடும் கை, முதலில் தண்ணீரைத் தொட வேண்டும்.