நகலி நீட்டிய ஒற்றை விரல்

அந்தக் காலத்தில் கணினிக்குள் குடியிருந்த கட்டளைகள் எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. சாதாரண வாயா அது? ஒரு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினால் போன வழி, வந்த வழி, இடையில் யாரைப் பார்த்தோம் என்பது வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

அவர்களுக்கு மேஸ்திரி ஷெல் அக்கா. திரைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் எழுதுவதை வாங்கி, "நீ போ, நீ இரு" என்று ஆள் அனுப்புகிறவள் அவள்தான். அவளிடம் நகலி என்று ஒரு கெட்டிக்காரி இருந்தாள். எதைக் கொடுத்தாலும் ஒரு புள்ளி மாறாமல் இன்னொன்று எழுதி வைப்பாள். அழிப்பான் என்று ஒருவனும் இருந்தான். துடை என்றால் துடைத்துவிடுவான், அவ்வளவுதான். அவன் துடைத்ததைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் ஆகாது. அதனால் அவன் நடந்து வந்தாலே மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள்.

வெளியே தவசீலி என்று ஒரு பெண். ஏரிக்கரையில் மழை அளக்கிறவள். தினமும் காலையில் மழைமானித் தண்ணீரை அளந்து கணினியில் எழுதுவாள். அப்படியே பன்னிரண்டு வருஷத்து மழை சேர்ந்துவிட்டது. ஏரிக்கரையை எவ்வளவு உயர்த்துவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். பழைய வட்டு வேறு வேலைக்கு வேண்டியிருந்ததால், மழையைப் பாதி பாதியாக இடம் மாற்ற நினைத்தாள். "முதல் ஆறு வருஷத்தைப் புது வட்டில் நகல் எடு. எடுத்தாச்சென்றால் பழையதைத் துடை" என்று எழுதினாள்.

நகலி போனாள், வந்தாள்.

"ஆச்சுக்கா" என்றாள். நம் ஆட்கள் வழக்கம் தெரியாதா? என்ன நடந்திருந்தாலும் முதலில் வருவது 'ஆச்சு'தான். "நாலு வருஷத்தை ஒரே மூச்சில எழுதிட்டேன். கை என்னமா ஓடுச்சு தெரியுமா! அதுலயும் அந்தச் சித்திரை மாசக் கோடைமழை இருக்கே..."

ஆச்சு என்ற சொல் காதில் விழுந்ததுமே ஷெல் அக்கா அழிப்பானுக்குக் கண்ணைக் காட்டிவிட்டாள்.

"...ஆனா அதுக்கு மேல வட்டுல இடம் இல்லக்கா."

அந்த 'ஆனா' வந்து சேர்வதற்குள் அழிப்பான் போய்த் துடைத்துவிட்டுத் திரும்பியிருந்தான்.

வெளியே தவசீலி அந்த இரண்டு வருஷத்து மழையைத் தேடிக்கொண்டிருந்தாள். பெய்த மழையை வானம் இன்னொரு தரம் பெய்து காட்டுமா?

அழிப்பான் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "இனிமே நான் போக மாட்டேன்."

"நீ போகலைன்னா குப்பை சேர்ந்து நாம எல்லாரும் மூச்சு முட்டிச் சாகணும்டா" என்றாள் ஷெல் அக்கா.

"சாவோம். வாய்ல வர்ற ஆச்சை நம்பி இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். வேலை முடிச்சு வர்றவங்க பேசக் கூடாது. கையைக் காட்டட்டும். எல்லாம் சரின்னா மூடின கை, பூச்சியம். கோளாறுன்னா விரலை நீட்டி அதுக்குத் தக்க ஒரு எண்."

நகலிக்குச் சுருக்கென்றது. "நல்லா வேலை பார்த்தவளுக்குப் பூச்சியம், கெடுத்தவனுக்கு எண்ணா? பேஷ் அண்ணே, நல்லா இருக்கு உங்க நியாயம்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மூலையில் தேடி என்று ஒருவன், சந்து பொந்தெல்லாம் அலைந்து பொருள் தேடித் தருகிற ஆள், மெதுவாகச் சொன்னான்: "சரியா முடியறது ஒரே விதம்தான் தாயி. கெட்டுப்போறதுதான் நூறு விதம். இடமில்லாமக் கெடும், அனுமதி இல்லாமக் கெடும், நான் தேடற சாமான் இல்லாமலும் கெடும். ஒத்தை விதத்துக்கு ஒத்தைப் பூச்சியம் போதாதா? மிச்ச எண்ணெல்லாம் கோளாறுக்குத்தான் வேணும்."

"அது சரி, பாதி வழியில அடிபட்டுச் செத்தவன் எந்தக் கையைக் காட்டுவான்?" என்று ஒருவன் கேட்டான்.

ஷெல் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அவனுக்காக நான் காட்டுறேன். நூத்து இருபத்தெட்டுக்கு மேல இருக்கிற எண்கள் அவங்களுக்கு. பேர் சொல்லிக் கூப்பிட்டும் அப்படி ஒரு ஆளே இல்லைன்னா நூத்து இருபத்தேழு. அதையும் நானே காட்டுறேன்." மேஸ்திரி என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்!

சில நாள் கழித்துத் தவசீலி மறுபடி எழுதினாள். மிச்சம் இருந்த ஆறு வருஷத்தை வேறொரு வட்டில் நகல் எடுக்க வேண்டும், எடுத்தாச்சென்றால் பழையதைத் துடைக்க வேண்டும். இப்போது கெட்டால் முன்பு தப்பிய நாலு வருஷம்தான் மிஞ்சும்.

நகலி போனாள். ஒவ்வொரு நாளாக எழுதினாள். எல்லாம் பதிந்தது, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த இடத்தில் வட்டில் ஒரு கீறல். மூன்று தரம் முயன்றும் எழுத்து நிற்கவில்லை.

திரும்பி வந்து நின்றாள். எல்லோர் கண்ணும் அவள் கையில். ஆறு வருஷத்தில் ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? கையை மூடியபடி வைத்துக்கொண்டால் கெட்டிக்காரி என்ற பெயர் நிற்கும். 'ஆச்சு' நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினாள். ஒரு விரலை நீட்டினாள்.

எழுந்து நின்ற அழிப்பான் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "நகலி, நீதான்டி வேலைக்காரி" என்றான். அவன் வாயால் ஒருவரைப் புகழ்ந்து அதுவரை யாரும் கேட்டதில்லை.

வெளியே தவசீலி திரையில் அந்த ஒன்றைப் பார்த்தாள். கீறல் வட்டை எடுத்துவிட்டு வேறு வட்டை வைத்து மறுபடி அனுப்பினாள். இந்தத் தரம் நகலி மூடிய கையோடு வந்தாள். அப்புறம்தான் அழிப்பான் துணியை எடுத்தான். பதியாமல் நின்ற அந்த ஒரு நாள் எது தெரியுமா? ஏரி கரை மீறி வழிந்த நாள். அந்த ஒரு நாள் கணக்கை வைத்துத்தான் கரையை இரண்டு முழம் உயர்த்தினார்கள்.

அன்றைக்கு நகலி நீட்டிய அந்த ஒற்றை விரலில் தொடங்கிய பழக்கம்தான் இது: கட்டளை ஒவ்வொன்றும் கோளாறென்றால் கூசாமல் அதன் எண்ணைக் காட்டுகிறது, வேலையைச் சரியாக முடித்தால் வெறும் பூச்சியத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் போய்விடுகிறது.