பேரில்லாதவனுக்கு ஒரு கைச் சோறு

மலைப்படையின் ஏழாம் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. தேடுதலுக்குப் போய் உயிரோடு திரும்பிய நாளில், எவ்வளவு பசியாக இருந்தாலும் அவர்கள் உடனே சாப்பிட மாட்டார்கள். வட்டமாக உட்காருவார்கள். நடுவில் ஒரு காலித் தட்டு இருக்கும். ஒவ்வொருவரும் தன் தட்டிலிருந்து முதல் கைச் சோற்றை எடுத்து அதில் வைத்து, இன்றைக்குத் தன்னை உயிரோடு திருப்பி அனுப்பியது யார் என்று ஒரு பேரைச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் வைத்த பிறகுதான் சாப்பாடு.

கடவுள் பேரைச் சொல்லக் கூடாது. தன் பேரையும் சொல்லக் கூடாது.

"கடவுளுக்குத் தனியா சொல்லிக்கலாம். நம்மளப் பத்தி நாம பேச ஆயுசு முழுக்க இருக்கு," என்பார் ஆசான் இருளப்பன்.

அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் அவர். குள்ளம், தொந்தி, பசி பொறுக்காத மனிதர். பசி பொறுக்காதவரே இந்த வழக்கத்தை ஏற்படுத்தினார் என்பதுதான் வேடிக்கை.

அந்த நடுத்தட்டில் எத்தனையோ பேர்கள் விழுந்திருக்கின்றன. சமையல்காரர் செய்யது, ரசத்தில் உப்புப் போட மறந்து மறுபடி கொதிக்க வைத்த நாளில், அந்தத் தாமதத்தால் பாறைச் சரிவு இவர்கள் போவதற்கு முன்னாலேயே விழுந்து முடிந்தது. அன்றைக்குத் தட்டு செய்யதுவுக்கு. மிட்டாய் என்ற சுமை தூக்கும் கோவேறு கழுதைக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. ஒருமுறை, வளைவில் ஓயாமல் ஹாரன் அடித்து எச்சரித்த பஸ் டிரைவரின் பேரைக் கேட்டு வர அன்வர் டிப்போ வரைக்கும் நடந்தே போனான். அவன் வரும்வரை எல்லோரும் பசியோடு காத்திருந்தார்கள். பேர் தெரியாமல் கை வைக்கக் கூடாது.

அன்றைக்கு மதியம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். சுடுசோறு, கொள்ளு ரசம், வறுத்த கருவாடு. எதிரே பழைய கல்குவாரி. காலையில் அங்கே போய்விட்டு, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லாமல் இறங்கி வந்திருந்தார்கள்.

ஆசான் தன் முதல் கைச் சோற்றை வைத்தார். "அரசி," என்றார். "நின்னதுக்கு."

அரசி நிமிர்ந்து பார்க்கவில்லை.

லூர்துசாமி கை வைத்தான். "மழை," என்றான்.

வண்டிக் காவலில் இருந்த அன்வர் முன்பே வந்து, "மிட்டாய்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தான். மற்றவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவன் பூட்ஸ் என்றான், ஒருவன் மூடுபனி என்றான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆசானும் எதுவும் கேட்கவில்லை.

அரசியின் முறை வந்தது. அவள் கை சோற்றிலேயே கிடந்தது.

"நான் வைக்க மாட்டேன், ஆசானே."

"ஏன்மா?"

"பொய் சொல்ல வரல. உண்மையைச் சொல்லப் பிடிக்கல."

"தாயே, சோறு ஆறுது," என்றான் லூர்து. "சாப்ட்டுட்டுச் சண்டை போடேன்."

"நீ பேசாத. மழைக்கு வெச்சியே, வெக்கமா இல்ல? இன்னைக்கு மழை எங்கடா பெஞ்சுது?"

"தூறுச்சு."

"எங்க?"

"எனக்குள்ள."

யாரோ சிரித்தார்கள். அரசி சிரிக்கவில்லை.

"யாருக்கு வைக்கணும்னு உனக்குத் தெரியும்," என்றார் ஆசான்.

"எல்லாருக்கும்தான் தெரியும். நாவல் மரத்தடியில லாரிக்குள்ள விலங்கு மாட்டி உக்கார வெச்சிருக்கோமே, அவனுக்கு."

அதைச் சொன்னதும் ஒன்றிரண்டு பேர் லாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் தேடிக்கொண்டிருந்த கூட்டத்துக்குப் பேர் கிடையாது. குண்டு வைத்துவிட்டு நாங்கள்தான் வைத்தோம் என்று மார்தட்டவும் மாட்டார்கள். ஆளுக்கொரு எண். ஒருவன் பேரை இன்னொருவன் கேட்டால் மறுநாள் கேட்டவன் இருக்க மாட்டான். 'பேரில்லாதவர்கள்' என்று ஊர்தான் அவர்களுக்குப் பேர் வைத்தது.

ஆடி மாதம் ஆற்றுப் பாலத்தில் அவர்கள் வைத்த வெடியில் தவசி போனான். அரசியோடு ஒரே நாளில் படையில் சேர்ந்தவன். அவளுடைய எல்லா வாதங்களுக்கும் "நீ சொன்னா சரிதான், ஆனா நீ சொன்னதுனால தப்பு," என்று சொல்லிச் சிரிக்கிறவன். பாலத்தில் அவன் முன்னால் போனான், அவள் பின்னால் போனாள். அவ்வளவுதான் வித்தியாசம். அதன் பிறகு விசாரணைக் கமிஷன் அவளைக் கூப்பிடும்போதெல்லாம், "செய்தது யார் என்று தெரியுமா?" என்று நீதிபதி கேட்பார். "தெரியாது," என்று சொல்லிவிட்டு இறங்கி வருவாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவள் வாய் கசந்து போயிருந்தது.

இன்று காலை குவாரிப் பாதையில் முதல் ஆளாக அவள்தான் ஏறினாள். பேரில்லாதவர்கள் அங்கே கூடுகிறார்கள் என்று தகவல். வளைவில் கால் எடுத்து வைக்கப் போனபோது பாறை மறைவிலிருந்து ஒரு குரல் அலறியது: "காலை வைக்காதே!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றாள். பூட்ஸுக்கு ஒரு சாண் கீழே, புல்லோடு புல்லாக, கண்ணிவெடியின் கம்பி இருந்தது. கத்தியவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

"அவன் கத்தினான், நீ பொழச்ச," என்றார் ஆசான். "நமக்கெல்லாம் முன்னாடி நீ போன. அதனால நாங்களும் பொழச்சோம். ஒரு கை வெச்சா என்ன?"

"எப்படி வைக்கிறது? அவன் நமக்காகவா கத்தினான்? அவங்க கூட்டம் ரெண்டாப் பொளந்து கெடக்குன்னு பிடிச்சப்பவே சொன்னான். தலைவன் இவனுக்குத் துரோகம் பண்ணினான், இவன் தலைவனுக்குத் துரோகம் பண்றான். ரெண்டு துரோகிங்க அடிச்சுக்கிட்டதுல நம்ம உசுரு தப்பிச்சுது. இதுக்கு நன்றியா?"

"மிட்டாய்க்கு வெச்சிருக்கியே. அது என்ன, நம்ம மேல இருக்கிற பாசத்துலயா மலை ஏறுது?"

"மிட்டாய் யாரையும் கொல்லல, ஆசானே."

"அதானே," என்றது ஒரு குரல்.

ஆசான் தலையாட்டினார். "சரியான பேச்சு," என்றார்.

அரசிக்கு அதுவும் பிடிக்கவில்லை. அவர் எதிர்த்துப் பேசுவார், இன்னும் நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தாள்.

"சரியான பேச்சுன்னா சாப்பிடலாம்ல?" என்றான் லூர்து.

"இன்னும் ஒரு கை பாக்கி," என்றார் ஆசான். பிறகு அரசியைப் பார்த்து, "எதிரி கத்தினா என்ன செய்யணும்னு நான் சொல்லிக் கொடுத்தேன்?"

"சட்டுனு கீழ படுக்கணும்."

"படுத்திருந்தா?"

படுத்திருந்தால் கம்பியின் மேலேயே படுத்திருப்பாள்.

"ஏன் நின்ன?"

"தெரியல."

"தெரியும்."

"அந்தக் குரல்ல..." அவள் தயங்கினாள். "பயம் இருந்துச்சு. எனக்காகப் பயந்த மாதிரி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உடனே கடைசி ஆயுதத்தை எடுத்தாள். "அவன் பேரு எனக்குத் தெரியாது. பேர் தெரியாம கை வைக்கக் கூடாது. நீங்க போட்ட சட்டம்."

"ஆமா," என்றார் ஆசான். "போய்க் கேட்டுட்டு வா."

"இப்பவா?"

"சோறு ஆறுதே."

லாரிக்குள் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயசு இருக்கும். சட்டையில் காய்ந்த ரத்தம், அவனுடையது இல்லை. அவள் வந்ததும் அன்வர் நாலடி தள்ளிப் போய் நின்றான்.

"உன் பேரு என்ன?"

"ஒன்பது."

"அது எண். பேரைக் கேட்டேன்."

"எதுக்கு? சமாதியில எழுதவா?"

"சோத்துக்கு."

அவனுக்குப் புரியவில்லை. அவள் வழக்கத்தைச் சொன்னாள், வேண்டாவெறுப்பாக, பாதி பாதியாக. அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லச் சிரித்தான்.

"எங்க கூட்டத்துல இப்ப ஒருத்தன் தட்டுல இன்னொருத்தன் கை வைக்க மாட்டான். விஷம் இருக்கும்னு பயம்."

"ஆடி மாசம் பாலத்துல வெடி வெச்சது யாரு?"

அவன் சிரிப்பு நின்றது. லாரியின் தரையைப் பார்த்தான்.

"வெச்சவங்க வேற. கம்பியை இழுத்தது நான்."

எத்தனை மாதமாக அரசி தேடிய பதில். அதை இவ்வளவு சாதாரணமாக, லாரியில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தன் சொல்லிவிட்டான்.

"தவசின்னு ஒருத்தன் செத்துப்போனான்."

"அந்தப் பேரை இப்பதான் காதுல கேக்கறேன்."

"இன்னைக்கு ஏன் கத்தின?"

அவன் சட்டையில் காய்ந்திருந்த ரத்தத்தை விரலால் தொட்டான்.

"தலைவன் எங்களைச் சமாதானம் பேச வரச் சொன்னான். நானும் நாலும் வந்தோம். பேர் தெரியாது, ஆறு வருசமா அவன் எனக்கு நாலுதான். பாதையில வெடியைப் புதைச்சு வெச்சிட்டு, உங்களுக்கும் தகவல் சொல்லி அனுப்பியிருக்கான். எங்களையும் உங்களையும் ஒரே பாதையில முடிச்சிரலாம்னு கணக்கு. நாலு முன்னால போனான்."

விடிகாலையில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது அரசிக்கு நினைவு வந்தது. பாறைக்கு வைத்த வெடி என்று நினைத்து அவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். அப்பதான் வளைவுல ஒரு காலு தெரிஞ்சுது. யார் காலுன்னு பாக்கல. காலுன்னு மட்டும்தான் தெரிஞ்சுது. கத்திட்டேன்."

"என் காலுன்னு தெரிஞ்சிருந்தா?"

"நானும் அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்," என்றான். "தெரியல."

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பேரைச் சொல்லு. அங்க பசியோட உக்காந்திருக்காங்க."

அவன் வாயைத் திறந்தான், மூடினான். ரொம்ப நாளாகப் பூட்டியிருந்த வீட்டுக் கதவைத் திறக்கிறவன் மாதிரி மறுபடி திறந்தான்.

"பூவலிங்கம்."

"என்ன?"

"பூவலிங்கம். எங்கம்மா பூவான்னு கூப்பிடும்." முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சொல்லியாச்சு. இனி அது என்கிட்ட இல்ல. எங்க வேணும்னாலும் சொல்லிக்க."

அவள் திரும்பி வந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. யாரும் ஒரு பருக்கையைத் தொட்டிருக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளினாள். மனசில் இருந்தது ஆத்திரமா வேறெதுவுமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. பெரிய கையாகவே அள்ளிவிட்டாள்.

"பூவலிங்கம்," என்றாள், சத்தமாக. லாரி வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்போதுதான் அவளுக்குத் தன் வலது கால் நினைவுக்கு வந்தது. சம்மணம் போட்டு, மடங்கி, முழுசாக இருந்தது. விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசைந்தன. சுற்றிப் பார்த்தாள். லூர்துவின் மூக்கு, செய்யதுவின் கரண்டி, ஆசானின் தொந்தி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கண்ணில் நீர் முட்டியது. கருவாட்டுக் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் இன்னும் யாரும் சாப்பிடவே இல்லை.

லூர்து தொண்டையைச் செருமினான். "ஆசானே, மழைக்கு வெச்சதை வாபஸ் வாங்கிக்கலாமா?"

"வெச்சது வெச்சதுதான். வேணும்னா இன்னொரு கை வை."

லூர்து வைத்தான். "பூவலிங்கம்." பூட்ஸ் சொன்னவன் வைத்தான். மூடுபனி சொன்னவன் வைத்தான். சமையல் பக்கத்திலிருந்து செய்யது வந்து தட்டின் ஓரத்தில் ஒரு கருவாட்டுத் துண்டை வைத்தார். தட்டு குவிந்துவிட்டது. லூர்து அதைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போனான். போகிற வழியில் எல்லோரும் பார்க்கும்படி அதிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டான்.

"டேய், அது அவனுக்குடா!" என்று கத்தினார்கள்.

"விஷமில்லன்னு காட்ட வேண்டாமா?" என்றான், வாய் நிறைய சோற்றோடு.

மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள். ஆறிய சோற்றை அப்படிப் பரபரவென்று யாரும் தின்றிருக்க மாட்டார்கள். ஆசான் இரண்டாவது தட்டு வாங்கினார். அரசி மட்டும் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பாலத்துல கம்பியை இழுத்தது அவன்தான். கேட்டேன். ஒத்துக்கிட்டான்."

ஆசானின் கை நின்றது. "சரி," என்றார்.

"சரியா? அவனுக்கு நான் ஊரறிய நன்றி சொல்லிட்டேன். தவசி வந்து என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

ஆசான் அவள் தட்டில் கொஞ்சம் சூடான ரசத்தை ஊற்றினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"கமிஷன் என்னைக்கு?"

"புதன்கிழமை."

"நீதிபதி என்ன கேப்பாரு?"

"யார் செஞ்சதுன்னு கேப்பாரு. எப்பவும் கேக்கறதுதான்."

"அங்கயும் இதே பேரைச் சொல்லு," என்றார் ஆசான். "இதே குரல்ல."