கணப்புக்கு மேல் ஒரு முகம்

நெருப்பு யாருக்கோ சலாம் போடாது என்று என் சித்தப்பா சொல்வார். கலெக்டருக்கா கடவுளுக்கா என்பது எனக்கு மறந்துவிட்டது.

கொடைக்கானலில் பங்களா கட்டிய மிராசுதார் தாண்டவராயர், தேக்குப் பலகையில் தன் முகத்தைச் செதுக்க வைத்து, குளிர்காயும் கணப்பின் வாய்க்கு நாலு விரல் மேலே அறைந்துவிட்டார். கணப்பு மூட்டும் வேலைக்காரன் மாசிலாமணி தலையைச் சொறிந்தான்.

"ஐயா, பலகையை ஒரு முழமாவது மேல தூக்கணும். இல்லாட்டி பத்திக்கும்."

"என் முகம் எங்கே இருக்கணும்னு நீ சொல்றியாடா? சாயங்காலம் விருந்தாளிங்க வர்றப்ப தீ கொழுந்துவிட்டு எரியணும். பலகை கருகுச்சோ, உனக்கு இங்க வேலை கிடையாது."

சாயங்காலம் விருந்தாளிகள் சால்வையும் குல்லாவுமாக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மாசிலாமணி விறகை அடுக்கினான். எரிகிற சுள்ளியைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"என்னடா முழிக்கிறே? வை தீயை!"

"வச்சிடுவேங்க. ஆனா ஐயா முகத்துக்கு நான் கொள்ளி வைக்கலாமா? அந்தப் பாத்தியதை மூத்த பிள்ளைக்குத்தானே? சின்னய்யா இங்கதான் இருக்காரு."

ஒரு விருந்தாளிக்குக் காப்பி மூக்கில் ஏறியது. மூத்த மகனோ எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையை நீட்டினான்.

"கொடு மாசிலாமணி."

"உட்காருடா!" என்று அலறினார் மிராசுதார்.

"வந்தவங்க குளிர்ல நடுங்குறாங்களேப்பா. எவ்வளவு நேரம்தான் போட்டு வைக்கிறது?"

மிராசுதார் தச்சனை வரவழைத்து, பலகையை ஒரு முழம் மேலே ஏற்றச் சொன்னார்.