சோத்துல ஒளிஞ்ச பாவம்

ஒரு ஊர்ல ஒரு அடுப்பு இருந்துச்சு. சிரிக்காதடி, அடுப்புதான். ராசா ராணியெல்லாம் இந்தக் கதையில கிடையாது. அது சும்மா அடுப்பு இல்ல, பண்ணை வீட்டு அடுப்பு. அதுல ஏத்துற உலைப்பானைக்குள்ள நீ எறங்கி நின்னா உன் தலை வெளிய தெரியாது. காலைல ஒரு ஆக்கு, சாயங்காலம் ஒரு ஆக்கு. கொதகொதன்னு கொதிச்சா தெருக்கோடி வரைக்கும் சோத்து வாசம் வரும்.

அந்த வீட்டு அம்மா பேரு வேதவல்லி. ஊரே பெரியம்மான்னு கூப்பிடும். நல்லவங்கதான். அடிக்க மாட்டாங்க, வைய மாட்டாங்க, வாசல்ல நின்னவனை வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. அதையும் சொல்லிடணும்ல? பின்னால நான் ஒருதலையா கதை சொன்னேன்னு ஆயிடக் கூடாது.

அந்த வீட்டுக் கொல்லையில நெல்லு குத்துறவ ஒருத்தி. பேரு காத்தாயி. புருசன் செத்து ரெண்டு வருசம். ஒரே பொண்ணு, பூவாயி. ஆறு வயசு, உன்னைவிட ஒரு வயசு சின்னவ. காத்தாயி விடிஞ்சதும் உலக்கையைப் புடிச்சான்னா தொம், தொம், தொம், பொழுது சாயுற வரைக்கும். சாயங்காலம் ஒரு கலயம் வடிகஞ்சி, அதுல ரெண்டு கை சோறு. அதான் கூலி. அதைக் கொண்டுபோய் ராத்திரி பாதி, மறுநாள் பாதின்னு ஆத்தாளும் மகளும் குடிப்பாங்க. கேக்குறியா?

ம். அப்படியே போயிட்டிருந்துச்சு. அப்போ அந்த ஊருக்கு ஒரு பாகவதர் வந்தாரு. பண்ணை வீட்டுக் கூடத்துல உட்கார்ந்து பத்து நாள் கதை சொன்னாரு. மாசத்துல ரெண்டு ஏகாதசி வருது, அன்னிக்கு உபவாசம் இருக்கணும்னாரு. உபவாசம்னா வயித்தைக் காயப்போடுறது இல்லம்மா, பெருமாள் பக்கத்துல போய் உட்கார்றது, வயிறு நிறைஞ்சிருந்தா மனசு எழுந்திருக்காது, அதுக்காகத்தான் சாப்பிடாம இருக்கச் சொன்னாங்கன்னாரு. நல்லாத்தான் சொன்னாரு மனுசன். அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு. உலகத்துல இருக்குற பாவமெல்லாம் ஒருநாள் பெருமாள்கிட்ட போய், எல்லாரும் விரதம் இருந்தா நாங்க எங்க போறதுன்னு அழுதுச்சாம். ஏகாதசியன்னிக்கு மட்டும் சோத்துல போய் ஒளிஞ்சுக்கோங்கன்னாராம் பெருமாள். அதனால அன்னிக்குச் சோறு தின்னவனுக்கும் பாவம், போட்டவனுக்கும் பாவம்.

பெரியம்மா அதை அப்படியே புடிச்சுக்கிட்டாங்க. அடுத்த ஏகாதசியிலேருந்து பெரிய அடுப்புல பூனை படுத்துத் தூங்குச்சு.

அன்னிக்கு வீட்டுல யாரும் பட்டினி இல்ல. பால் இருக்கு, வாழைப்பழம் இருக்கு, சக்கரவள்ளிக்கிழங்கு அவிச்சது இருக்கு, வேர்க்கடலை வறுத்தது இருக்கு. விரதம்னா அப்படித்தான், அரிசிதான் கூடாது. காத்தாயி சாயங்காலம் கலயத்தோட போய்க் கொல்லைக்கதவைத் தட்டினா. டொக், டொக். பெரியம்மாவே வந்தாங்க.

"இன்னிக்கு ஏகாதசி, காத்தாயி. உலை வைக்கல. நாளைக்கு வா."

"நேத்து வடிச்ச சோறு ஏதாச்சும் மிச்சம் இருந்தா..."

"கேக்காதடி. இன்னிக்குச் சோத்துல பாவம் குடியிருக்கு. தெரிஞ்சே உனக்குப் போட்டா எனக்குல்ல வரும்?"

கிழங்கு குடுத்திருக்கலாமேன்னு கேக்குறியா? குடுத்திருக்கலாம். அவங்களுக்குத் தோணல. கொல்லைக்கதவுல குடுக்குறது கஞ்சின்னு ஒரு பழக்கம், அந்தப் பழக்கத்தைத் தாண்டி யோசிக்கல. காத்தாயிக்கும் கேக்கத் தோணல. வீட்டுக்குப் போனா, மகளுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுத்தா, அவளும் கடகடன்னு குடிச்சா, ரெண்டு பேரும் படுத்துட்டாங்க. அது முதல் ஏகாதசி.

அப்புறம் பதினஞ்சு நாள் போச்சு. அடுத்த ஏகாதசி வந்துச்சு. காத்தாயி இந்தத் தடவை முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தா. முதல் நாள் தசமியன்னிக்கு வாங்குன கஞ்சியில சோத்தை மட்டும் வடிகட்டித் தனியா ஒரு சட்டியில போட்டு, முந்தானையால மூடிக்கிட்டுக் கிளம்புனா. கிணத்தடியில நின்ன பெரியம்மா பார்த்துட்டாங்க.

"என்னடி அது?"

"நாளைக்குப் புள்ளைக்கு ஆகும்னு எடுத்து வச்சேம்மா."

"உனக்கு எத்தனை தடவை சொல்றது? இன்னிக்கு வடிச்சாலும் நாளைக்குத் தின்னா நாளைக்குப் பாவம்தான். உன் மக தலையில நீயே ஏத்தி வைப்பியா? இங்கயே தின்னுட்டுப் போ."

தின்னா. கிணத்தடியில நின்னுக்கிட்டே தின்னா. பாதியை மகளுக்குக் கொண்டுபோறேன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போய், அன்னிக்கு ராத்திரியே ஊட்டிட்டா. நாளைக்கு வர்ற பசிக்கு இன்னிக்கே சாப்பிட முடியுமாடி? முடிஞ்சா நாமெல்லாம் எங்கயோ போயிருப்போம்.

ஆனா ஒண்ணு, பெரியம்மா சொன்னதுல "உன் மக தலையில"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு பாரு, அது காத்தாயி நெஞ்சுல போய் நச்சுன்னு உட்கார்ந்துடுச்சு. அவளுக்கு இருக்குறது ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணு மேல ஒரு துரும்புப் பாவம்கூட விழக் கூடாது. அன்னிலேருந்து யார் குடுத்தாலும் ஏகாதசியன்னிக்குச் சோறு தொடுறதில்லன்னு ஆக்கிக்கிட்டா. பூவாயி கேட்டா, "நாமளும் விரதமா ஆத்தா, பெரிய வீடு மாதிரி?" ஆமான்னா. அதுக்கு ஒரே சந்தோசம். தெருப்புள்ளைங்ககிட்ட எல்லாம் போய் நான் இன்னிக்கு விரதம்னு சொல்லிட்டு வந்துச்சு.

தூங்கிட்டியா? ம். சரி, கேளு.

அப்புறம் மார்கழி வந்துச்சு. அந்த வருசம் மார்கழியிலயும் மழை விடல, சோன்னு ஊத்துது. பூவாயிக்குக் காய்ச்சல். ஒன்பது நாள் உடம்பு அனலா கொதிச்சுச்சு. தண்ணிகூடத் தங்கல. மழையில நெல்லு குத்துற வேலையும் நின்னு போச்சு, காத்தாயி பக்கத்துலயே கிடந்தா, வேண்டாத சாமி இல்ல. பத்தாம் நாள் காலைல உடம்பு சில்லுன்னு ஆச்சு, வேர்த்துச்சு, புள்ள கண்ணு முழிச்சு "பசிக்குது ஆத்தா"ன்னுச்சு. வைத்தியர் வந்து கையைப் புடிச்சுப் பார்த்தாரு.

"பொழைச்சுக்கிட்டா. இனிமே கஞ்சித்தண்ணிதான் மருந்து. அரை வாய் அரை வாயா குடுத்துக்கிட்டே இரு. வயித்தைக் காயவிட்டுடாத, உடம்புல ஒண்ணும் இல்ல."

அன்னிக்கு என்ன நாள் தெரியுமா? வைகுண்ட ஏகாதசி.

காத்தாயி மழையில ஓடுனா. பண்ணை வீட்டுல கிண் கிண் கிண்ணுன்னு மணிச் சத்தம், உள்ள பஜனை. கொல்லைக்கதவைத் தட்டினா. டொக், டொக், டொக். ரொம்ப நேரம் கழிச்சுப் பெரியம்மா வந்தாங்க, கையில துளசி மாலை.

"அம்மா, கொஞ்சூண்டு கஞ்சி..."

"வருசத்துலயே பெரிய ஏகாதசி இன்னிக்கு. இன்னிக்குமா காத்தாயி?"

"இல்லம்மா, வந்து..."

"இரு, சொல்றதைக் கேளு. விடிஞ்சா துவாதசி. ஒரு விருந்தாளிக்குப் போட்டுட்டுத்தான் நான் விரதம் முடிக்கணும். மழையில இந்த வருசம் வெளியூர் ஆள் யாரும் வரல. நீ வா. முதல் இலை உனக்குத்தான்."

கதவைச் சாத்திட்டாங்க. புள்ளைக்குன்னு சொல்ற அந்த ஒரு வார்த்தை காத்தாயி வாயிலயே நின்னுடுச்சு. மறுபடி தட்டலாமான்னு கையைத் தூக்குனா. உள்ள பஜனைச் சத்தம் ஏறிடுச்சு. கையை இறக்கிட்டா. எனக்கு இந்த இடத்துல அவ மேலயும் கோவம் வரும். தட்டித் தொலைச்சிருக்கலாம்ல? ஆனா வருசம் பூரா அந்தக் கதவுல தலை குனிஞ்சு நின்னவளுக்குத் திடீர்னு எங்கிருந்து தைரியம் வரும், சொல்லு.

வீட்டுக்கு வந்தா, பக்கத்து வீட்டு அஞ்சலை நிக்குறா. அவளும் இல்லாதவதான். எங்கயோ போய் ஒரு கொட்டாங்கச்சி கஞ்சி வாங்கிட்டு வந்திருக்கா.

"புள்ளைக்குக் குடுடி," அப்படிங்குறா.

காத்தாயி அதைக் கையில வாங்குனா. சூடா இருக்கு. பூவாயி பார்க்குது. அப்போ அவளுக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஒன்பது நாளா சாமிகிட்ட கெஞ்சுனேன், சாமி புள்ளையைத் திருப்பிக் குடுத்துடுச்சு, குடுத்த அன்னிக்கே அந்தச் சாமிக்கு ஆகாததை இவ வாயில ஊத்தலாமா? ஒரு ராத்திரிதானே. விடிஞ்சா துவாதசி, பாவமெல்லாம் எறங்கிடும், சுத்தமான கஞ்சியா குடுக்கலாம்.

"பாவம் வந்துடும்டி. விடியட்டும்."

"எனக்குத் தெரியாதும்மா. பெரிய வீட்டுல சொன்னா சரியாத்தான் இருக்கும்," அப்படின்னுட்டு அஞ்சலை போயிட்டா.

காத்தாயி கஞ்சியைத் தட்டு போட்டு மூடி வச்சா. புள்ளையை மடியில போட்டுக்கிட்டா. விளக்கு மினுக் மினுக்குன்னு எரியுது. கொஞ்ச நேரம் போச்சு.

"விடிஞ்சிருச்சா ஆத்தா?"

"இன்னும் இல்லடி கண்ணு."

அப்புறம் கொஞ்ச நேரம்.

"விடிஞ்சிருச்சா?"

"இன்னும் கொஞ்சம்தான். நாம விரதம்ல?"

ம்னுச்சு பூவாயி. சிரிக்கக்கூடச் செஞ்சுச்சாம். அப்புறம் பெருமாள் கோயில்ல விடியக்காலைப் பூசை மேளம் கேட்டுச்சு, டும்டும்டும்னு. சேவல் கூவுச்சு. மூணாவது தடவை பூவாயி கேக்கல. விடிஞ்சிருச்சுடின்னு காத்தாயிதான் சொன்னா. தட்டைத் திறந்து, கஞ்சியைத் தொட்டு உதட்டுல வச்சா. அது வழிஞ்சு கழுத்துக்குப் போச்சு.

ம். ஆமாடி. செத்துடுச்சு.

அங்க பண்ணை வீட்டுல பெரிய அடுப்பு எரியுது. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, ஆவி பறக்குற சோறு. துவாதசி நேரம் அன்னிக்குக் கொஞ்சம்தான், அதுக்குள்ள விருந்தாளி சாப்பிட்டு முடிக்கணும். பெரியம்மா கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்குறாங்க. காத்தாயி வந்து நின்னா.

"வந்துட்டியா. உட்காரு, உட்காரு, நேரம் போகுது."

இலை போட்டாங்க. அவங்க கையாலயே பரிமாறுனாங்க. காத்தாயி இலையைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா.

"சாப்பிடு காத்தாயி."

"நான் சாப்பிட வரலம்மா. ஒரு பிடி அரிசி வேணும்."

"அரிசியா? எதுக்கு?"

"பூவாயி வாயில போட."

வாய்க்கரிசின்னு சொல்லுவாங்கடி. செத்துப்போனவங்களை எடுக்குறதுக்கு முன்னாடி வாயில போடுற அரிசி.

பெரியம்மா பரிமாறுன கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க. என்னாச்சு, எப்படின்னு கேட்டாங்க. காத்தாயி ஒண்ணையும் மறைக்கல. அஞ்சலை கஞ்சி குடுத்தா, நான்தான் மூடி வச்சேன், நீங்க பாவம்னு சொன்னீங்கல்ல, அதனால விடியட்டும்னு வச்சேன்னா.

"அடிப்பாவி, சின்னப் புள்ளைக்கு ஏதுடி ஏகாதசி? நோயாளிக்கு ஏது? எட்டு வயசுக்குக் கீழ யாருக்குமே கிடையாதுன்னு பாகவதர் கடைசி நாள் சொன்னாரே, நீ கேக்கலையா?"

"கடைசி நாள் நான் அவர் விருந்துக்கு நெல்லு குத்திக்கிட்டிருந்தேம்மா."

"எங்க பேரனுக்கே உள்ள குமுட்டி அடுப்புல தனியா வடிச்சு ஏகாதசி தவறாம சோறு ஊட்டுறோமேடி. புள்ளைக்குன்னு நீ ஒரு வார்த்தை..."

சொல்லிட்டு அவங்களே வாயைப் பொத்திக்கிட்டாங்க.

காத்தாயி கத்தல. மண்ணை வாரித் தூத்தல. எழுந்து நின்னா.

"அதை அந்தக் கிணத்தடியிலயே சொல்லியிருக்கலாம்லம்மா."

பெரியம்மா உள்ள ஓடி ஒரு மரக்கால் நிறைய அரிசி கொண்டுவந்தாங்க. காத்தாயி அதுல ஒரு பிடி மட்டும் எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. இலையில வச்ச சோறு அப்படியே ஆறிப் போச்சு. விருந்தாளி சாப்பிடல, துவாதசி நேரமும் தாண்டிருச்சு. பெரியம்மா அன்னிக்கு முழுக்கப் பச்சத்தண்ணிகூடக் குடிக்காம பூசையறையில கிடந்தாங்க. ஊர் என்ன சொல்லுச்சு தெரியுமா? ரெண்டு நாள் சேர்ந்தாப்புல உபவாசம், எப்பேர்ப்பட்ட பக்தின்னு சொல்லுச்சு. ஊருக்கு என்ன, அது எதையாச்சும் சொல்லும்.

பூவாயியை அடக்கம் பண்ணிட்டு வந்தாங்க. தெருப் பொம்பளைங்க காத்தாயியைச் சுத்தி உட்கார்ந்தாங்க. ஒருத்தி அவ முதுகைத் தடவிக்கிட்டே சொன்னா, "அழாதடி. வைகுண்ட ஏகாதசி அன்னிக்கு, அதுவும் விரதத்தோட, சொர்க்கவாசல் திறந்திருக்குற நேரத்துல போயிருக்கா. யாருக்கு இந்தக் குடுப்பினை வரும்? நேரா பெருமாள்கிட்டயே போய்ச் சேர்ந்திருப்பா."

காத்தாயி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தா.

"அங்க அவளுக்குச் சோறு போடுவாங்களா?"

அவ்வளவுதான்டி. போடுவாங்களான்னு எனக்கும் தெரியாது. கதை படுத்திருச்சு, நீயும் படு.