ஆடு தின்னாத முகம்

உள்ளங்கை அகலத்தில் ஒரு நாடு, கட்சிகளோ பதினேழு. நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால், பதினேழு கட்சிக்கும் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுகிறவள் தெய்வானை ஒருத்திதான்.

மந்திரி பரஞ்சோதி அவள் அடுப்படிக்கே வந்து உறுமினார்: "நாளைக்கு இங்கே என் கூட்டம். ஊர்ச் சுவத்துல என் முகத்தைத் தவிர வேற முகம் இருக்கக் கூடாது. ஆனா அடுத்தவன் போஸ்டரை நீ கிழிக்கவும் கூடாது, கேஸாயிடும். முடியலைன்னா உன் அடுப்பை இடிச்சுப்புடுவேன்!"

"ஆகட்டுங்க" என்றாள் தெய்வானை. மந்திரியின் பசையில் மட்டும் ஒரு படி வேப்பெண்ணெயை ஊற்றிக் கிண்டினாள். மற்றதெல்லாம் வெறும் மைதாக் கஞ்சி. அன்றிரவே பதினேழு கட்சிப் போஸ்டர்களும் சுவரேறின. பொழுது விடிந்ததும் ஊர் ஆடுகள் பதினாறு கட்சியையும் வயிறு முட்டத் தின்று தீர்த்தன.

மேடையில் மந்திரிக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, என் முகம் மட்டும் நிக்குது! ஊரே என்மேல வச்ச பாசம்! தெய்வானை, நீயே மைக்குல சொல்லு!"

"நான் என்னத்தைச் சொல்றதுங்க? நம்ம ஊர் ஆடு பழைய செருப்பைக்கூட விடாது. ஐயாவை மட்டும் மோந்து பாத்துட்டு வேணாம்னு போயிருச்சு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மறுவாரம் ஓட்டுப் போட வந்தவர்களும் ஐயா சின்னத்தை மோந்து பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.