கிணற்றில் ஏறிய உப்பு

அந்தத் தீவில் ஆறு கிடையாது. எந்தக் காலத்திலோ மலை கக்கிய நெருப்பு ஆறிக் கறுத்துப் பாறையாகி, அதன்மேல் ஊர் உட்கார்ந்திருந்தது. பெய்கிற மழை பாறைப் பொத்தல்கள் வழியே உள்ளே இறங்கிவிடும். கிணற்றில் இறைப்பதுதான் தண்ணீர்.

அந்த வருஷம் கிணறுகள் உப்புக் கரித்தன.

கரையோரத்துப் பேச்சி ஒரு செம்போடு மடத்துக்கு வந்தாள். மடத்தின் குரு அங்கயற்கண்ணி அம்மையின் முன்னால் அதை வைத்தாள்.

"குடிச்சுப் பாருங்க. இதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுக்கிறேன். நாலு நாளா வயிறு போகுது."

அம்மை குடித்தார். பாதியில் நிறுத்தவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார்.

சீடன் நாச்சியப்பன் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கங்காணியாக இருந்தவன். கோபத்தில் ஒரு கூலிக்காரனின் கையை முறித்துவிட்டு, அந்தக் கோபத்தைக் கொல்ல வழி தேடி மடத்துக்கு வந்தவன். பத்து வருஷத்தில் அது செத்தேவிட்டது என்று நம்பியிருந்தான்.

மறுநாள் தீவின் அதிகாரி மாசிலாமணி வந்தார். கப்பல்களுக்குத் தண்ணீர் ஏற்ற அவர் மலையடியில் போட்ட மூன்று ஆழ்குழாய்க் கிணறுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"ஜனங்க என்மேல பாயுறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடுவாங்க. மலைக்குக் கோபம், அதான் உப்பேறிடுச்சுன்னு சொல்லுங்க. பூசைக்கு வேண்டியதை நான் பாத்துக்கிறேன். மடத்துக்கும் நல்ல தண்ணிக்குழாய் ஒண்ணு போட்டுத் தர்றேன்."

"வெள்ளிக்கிழமை எல்லாரையும் மலையடிக்கு வரச் சொல்லுங்க" என்றார் அம்மை.

அதிகாரி கும்பிட்டுவிட்டுப் போனார். நாச்சியப்பனுக்குக் காது சுட்டது. பத்து வருஷமாக மறந்திருந்த சூடு.

"சம்மதிச்சுட்டீங்களா அம்மா?"

"வரத்தான் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டது. தேங்காயும் கற்பூரமும் தயாராக இருந்தன. அம்மை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியைப் பாறைமேல் வைத்தார். அதில் பாதிவரை கடல்நீர், செம்பருத்திச் சாறு கலந்து சிவந்திருந்தது. அதன்மேல் ஒரு இலையை மிதக்கவிட்டு, இலைமேல் மழைநீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அவர் கை நடுங்குவதை நாச்சியப்பன் கண்டான்.

நல்ல நீர் கடல்நீரோடு கலக்காமல் மேலே நின்றது.

"இதுதான் நம்ம தீவு. கீழே கடல், மேலே நம்ம மழை."

உள்ளே துளையுள்ள ஒரு பப்பாளி இலைத் தண்டைப் பேச்சியிடம் கொடுத்தார். "மெதுவா உறிஞ்சு."

பேச்சி உறிஞ்சினாள். "நல்ல தண்ணிம்மா."

தண்டை மாசிலாமணியிடம் நீட்டினார். "நீங்க உறிஞ்சுங்க. உங்க மோட்டார் உறிஞ்சுற மாதிரி."

அவர் கைநீட்டவில்லை. நாச்சியப்பன் வாங்கி, மூச்சைப் பிடித்து இழுத்தான். கீழிருந்த சிவப்பு ஒரு கூம்பாக எழும்பித் தண்டுக்குள் பாய்ந்தது. அவன் துப்பினான். பாறை சிவந்தது.

பேச்சிதான் முதலில் மோட்டார் கொட்டகையை நோக்கி நடந்தாள். பிறகு எல்லாரும்.

ஒன்பது நாள் கொட்டகை வாசலை விட்டு அவர்கள் எழுந்திருக்கவில்லை. காத்திருந்த கப்பல் வெறுந்தொட்டியோடு போனது. மூன்று மோட்டாரும் நின்றன. கிணறுகள் உடனே இனிக்கவில்லை. இரண்டு மழைக்காலம் பிடித்தது. பேச்சியின் பிள்ளை எலும்பும் தோலுமாகி, பிறகு தேறியது. மாசிலாமணி மடத்துக்கு வரும் அரிசியை நிறுத்தினார்.

ஒருநாள் இருவரும் கிழங்குக்குத் தோல் சீவும்போது நாச்சியப்பன் கேட்டான்.

"கோபத்தைக் கொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன். அன்னைக்கு உங்க கையே நடுங்குச்சே அம்மா?"

"ஆமா. கோபம்தான்."

"மலையோட கோபம்னு சொல்லியிருந்தா ஊர் அமைதியா இருந்திருக்கும். நமக்கும் அரிசி வந்திருக்கும்."

அம்மை கத்தியைக் கீழே வைத்தார்.

"மலைக்குக் கோபம் வரல நாச்சியப்பா. அதுக்கு வந்திருந்தா, நான் கோபப்படாம சும்மா இருந்திருப்பேன்."