வெட்டிவேரின் வாசம் மண்ணுக்குள் போன கதை

அந்தக் காலத்தில் காற்றும் புல்லும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்தன. அப்போது வெட்டிவேர்ப் புல்லுக்குப் பூவில்தான் வாசம். வேரில் ஒன்றும் கிடையாது. ஆற்றங்கரையில் அது பூத்தால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் கூந்தலில் செருகிக்கொண்டு போவார்கள். புல்லுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. மல்லிகையை ஏறெடுத்தும் பார்க்காது.

அந்த ஊரில் அங்காயிக்கும் அவள் கணவன் மாசாணத்துக்கும் வெகுகாலம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த நேரம் கத்திரி வெயில். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. புழுக்கத்தில் வாடி, அழக்கூடத் தெம்பில்லாமல், பால் குடிப்பதையே நிறுத்திவிட்டது.

மேல்காற்றுக்குக் குழந்தை என்றால் உயிர். பார்க்கும் ஆசையில் ஜன்னலுக்கு ஓடி வரும். பாவம், பகலெல்லாம் சுட்ட பாறைமேல் புரண்டு வருவதால் அது தொட்ட இடமெல்லாம் கொதித்தது. மாசாணம் ஒரு சேலையை நனைத்து ஜன்னலில் கட்டிப் பார்த்தான். சேலை அந்த நிமிஷமே காய்ந்து, அனல் நேரே பிள்ளையின் முகத்தில் அடித்தது. அங்காயி ஜன்னலின் பலகைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். இனி யார் சொன்னாலும் திறப்பதில்லை என்றுவிட்டாள்.

மறுநாள் காற்று ஆற்றங்கரையில் போய் அழுதது. தண்ணீருக்கு வந்த மாசாணமும் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லி அழுதான். புல்லுக்கு மனசு கேட்கவில்லை. என் வேர் சேலை மாதிரி இல்லை, குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. தட்டியாகப் பின்னி ஜன்னலுக்கு வெளியே கட்டி நனைத்துக்கொண்டே இரு, அதன் வழியாக நுழைந்தால் காற்று குளிர்ந்துவிடும் என்றது. வேரை அறுத்தபின் தூரை மட்டும் மறுபடி ஈரத்தில் நட்டுவிடச் சொன்னது.

"அவ கதவத் திறக்க மாட்டாளே," என்றான் மாசாணம். "நேத்து சேலை கட்டினப்பவும் காத்து குளிர்ந்துடும்னுதான் சொன்னேன்."

புல் கொஞ்ச நேரம் தன் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு அவற்றின்மேல் அவ்வளவு ஆசை. பிறகு அத்தனை வாசத்தையும் கீழே இழுத்து வேருக்குள் இறக்கிக்கொண்டது.

"தோண்டு. நனைஞ்சாத்தான் மணப்பேன். என் வாசம் வந்தா காத்து குளிர்ந்திருக்குன்னு கதவுக்கு உள்ள இருக்கிறவளுக்கும் தெரிஞ்சுபோகும்."

"இனிமே உன்னை யாரும் தலையில வச்சுக்க மாட்டாங்களே," என்றது காற்று.

"புள்ள பால் குடிச்சாப் போதும்."

மாசாணம் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்தான். காற்று பயந்து பயந்து நுழைந்தது. பலகை இடுக்கு வழியாக வாசம் உள்ளே போயிற்று. அங்காயி எழுந்து வந்து இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாளை எடுத்தாள். பிள்ளை ஒரு தும்மல் போட்டுவிட்டு அவள் மார்பில் முகம் புதைத்துக் குடிக்க ஆரம்பித்தது. அதுவரை அழாத அங்காயி அப்போதுதான் அழுதாள்.

அன்றிலிருந்து வெட்டிவேர்ப் பூவில் வாசமில்லை. காய்ந்த வேரை வாங்கும்போது மணம் போதவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் தெளியுங்கள். பிள்ளையோடு உள்ளே இருப்பவளிடம், பயப்படாதே, கதவைத் திற என்று சொல்லத்தான் அது இன்றும் நனைந்தவுடன் மணக்கிறது.